குச்சியால் நடும் பயிரில் இத்தனை வகைகள் எப்படி? மரவள்ளியின் மரபணுப் பல்வகைமையும் சிறு விவசாயிகளும்

கேட்கப்பட்ட கேள்வி இது: மரவள்ளியை யாரும் விதைப்பதில்லை, தண்டைத் துண்டு போட்டுத்தான் நடுகிறார்கள். அப்படியானால் ஒரு வகையைச் சேர்ந்த செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் நகல்கள்தானே? பின்னர் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் சிறு விவசாயிகளின் நிலங்களில் இத்தனை வகைகள் எங்கிருந்து வந்தன? ஆராய்ச்சி நிலையங்களின் புதிய இரகங்கள் பரவினால் அவை அழிந்துவிடாதா? மரபணு வங்கியில் சேர்த்து வைத்துவிட்டால் போதாதா?

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். குச்சியால் நடுவது உண்மை. ஆனால் மரவள்ளி பூப்பதையும் காய்ப்பதையும் விதை உதிர்ப்பதையும் விட்டுவிடவில்லை. உதிர்ந்த விதையிலிருந்து தானாக முளைத்து வரும் நாற்றைப் பல சமூகங்களில் விவசாயிகள் களையென்று பிடுங்காமல் விட்டுவைக்கிறார்கள். அறுவடையில் அதன் கிழங்கைச் சோதிக்கிறார்கள். பிடித்திருந்தால் அதன் தண்டை வெட்டி மறுபருவத்தில் நடுகிறார்கள். விதை புதியதைத் தருகிறது, குச்சி அதைக் காப்பாற்றி வைக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கும் கை விவசாயியுடையது. ஆகவே இந்தப் பல்வகைமை பழங்காலத்திலிருந்து மிச்சமாகக் கிடக்கும் சொத்து அன்று, இன்றும் நிலத்தில் உண்டாகிக்கொண்டே இருப்பது. மற்ற இரண்டு கேள்விகளுக்குமான விடை இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் செடியின் இயல்பு. மரவள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே செடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியாக உண்டு. ஒரு பூங்கொத்தில் பெண் பூக்கள் முதலில் மலர்ந்து முடிந்த பின்னரே, ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து, ஆண் பூக்கள் மலர்கின்றன. இதனால் அயல் மகரந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு மிகுதி. ஆனால் வேறு கிளையின் பூங்கொத்திலிருந்தோ, பக்கத்தில் நிற்கும் அதே வகைச் செடியிலிருந்தோ தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்தால், அது மரபணுக் கணக்கில் தன் மகரந்தச் சேர்க்கைக்கு ஒப்பானதே. காய் முற்றியதும் வெடித்து மூன்று விதைகளைச் சிதறடிக்கும். ஆமணக்கு விதையின் நுனியில் இருப்பது போன்ற ஒரு சதைப்புடைப்பு இந்த விதைக்கும் உண்டு. கொழுப்புள்ள அந்தப் புடைப்புக்காக எறும்புகள் விதையை இழுத்துச் சென்று மண்ணுக்குள் சேர்க்கின்றன.

விவசாயி குச்சியை நாடுவதற்குக் காரணம் தெளிவானது. விதை நாற்று மெதுவாக வளர்கிறது, முதல் பருவத்தில் கிழங்கு குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதையைப் போல் மற்றொரு விதை இருப்பதில்லை. 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முற்றிய குச்சியை நட்டால், தாய்ச்செடியின் கிழங்கு எப்படி இருந்ததோ அப்படியே கிடைக்கும். ஆனால் இந்த உறுதிப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. தேமல் நோய் போன்ற வைரஸ் நோய்கள் குச்சியோடு குச்சியாகத் தலைமுறை கடந்து வருகின்றன. அதோடு, நெடுங்காலம் நகலாகவே பெருகும் பயிரில் தீய மரபணு மாற்றங்கள் வடிகட்டப்படாமல் சேர்கின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சாகுபடி வகைகளும் காட்டினங்களுமாக 241 மரவள்ளிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு இதைக் காட்டியது. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் இருப்பதால், ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று அதை மூடிமறைத்துச் செடியை வாழவைக்கிறது. தன் மகரந்தச் சேர்க்கையில் பழுதுற்ற இரண்டு பிரதிகளும் ஒரே விதையில் சேரும்போதுதான் அந்த நாற்று சோனியாகிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது எளிதில் விளங்கும்.

மரவள்ளியின் தாயகம் அமேசான் படுகையின் தென்விளிம்பு. இன்றைய பிரேசிலின் ரொண்டோனியா, மாட்டோ குரோசோ, ஆக்ரே மாநிலங்களை ஒட்டிய பகுதி. அங்கே வளரும் ஒரு காட்டுத் துணையினத்திலிருந்தே சாகுபடி மரவள்ளி வந்தது என்பதை ஆல்சன், ஷால் ஆகிய இருவரும் 1999இல் மரபணுச் சான்றோடு நிறுவினார்கள். அந்தக் காட்டினத்தின் நாற்றையும் வயல் மரவள்ளியின் நாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். காட்டினத்தில் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. முளை ஒடிந்தாலோ கருகினாலோ மீண்டும் துளிர்க்க உதவும் சேமிப்பு அது. வயல் மரவள்ளியிலோ விதையிலைகள் மண்ணுக்கு மேலே வந்து, பச்சைப்பசேலென்று விரிந்து, உடனே ஒளிச்சேர்க்கை தொடங்குகின்றன. திருத்திய, வெயில் படும் நிலத்தில் விரைந்து வளர்வதற்கு ஏற்ற உருவம் இது. குச்சியால் மட்டுமே இப்பயிர் பெருகியிருந்தால் நாற்றின் உருவம் மாறியிருக்க வழியே இல்லை. மனிதர் திருத்திய நிலத்தில் விதைநாற்றுகள் தலைமுறை தலைமுறையாக முளைத்து, போட்டியிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைக் கயானாவின் மக்குஷி பழங்குடியினரிடமும், பிரெஞ்சு கயானாவின் பழங்குடிச் சமூகங்களிடமும் டொய்ல் மெக்கீ, மரியான் எலியாஸ், பெனுவா புஜோல் முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உடனிருந்து கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகள் பயிரிட்டு, பின்பு நிலத்தை நெடுங்காலம் தரிசாக விட்டுவிடுவார்கள். பயிரிட்ட காலத்தில் உதிர்ந்த விதைகள், மேலே புதரும் மரமும் மண்டி நிழல் கவிந்த பிறகும், மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கின்றன. மீண்டும் அந்த இடத்தை வெட்டி எரிக்கும்போது நிழல் போய் மண் சூடேறுகிறது. அந்தச் சூடே விதைக்கு எழுப்புகுரல். நட்ட குச்சிகள் துளிர்க்கும் அதே நாட்களில் இந்த விதைகளும் முளைக்கின்றன. முந்தைய தலைமுறை பயிரிட்டு, இப்போது ஊரில் குச்சியாக யாரிடமும் இல்லாத வகைகளின் சந்ததியும் இப்படித் திரும்பி வருகிறது.

நாற்றைக் குச்சிச் செடியிலிருந்து பிரித்தறிவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. குச்சியிலிருந்து வரும் செடியின் அடியில் மரம்போல் இறுகிய பழைய துண்டு புதைந்திருக்கும். அதன் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் சாய்வாகக் கிளம்பும். கிழங்குகள் வெட்டுவாயைச் சுற்றி இறங்கும். விதை நாற்றோ ஒற்றைத் தண்டாக, நட்டவர் வரிசைக்கு அப்பால் எங்கோ நிற்கும். கீழே ஆணிவேர் நேராக இறங்கியிருக்கும். முதல் களையெடுப்பின்போது பெண்கள் இந்த நாற்றுகளைக் கவனித்து, குச்சிச் செடிகளோடு நெருக்கியடிப்பவற்றையும் மெலிந்தவற்றையும் பிடுங்கிவிட்டு, வாளிப்பானவற்றை விட்டுவைக்கிறார்கள். மெலிந்தவை பெரும்பாலும் நெருங்கிய உறவில் பிறந்தவை, அதாவது பழுதுற்ற பிரதிகள் இரண்டும் சேர்ந்துவிட்டவை. வாளிப்பானவை பெரும்பாலும் வேறுபட்ட இரு வகைகளுக்குப் பிறந்தவை. களையெடுப்புக்கு முன்னும் பின்னும் நாற்றுகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, இந்த ஒரு செயலால் மட்டுமே கலப்பு மிகுந்த நாற்றுகளின் பங்கு கூடுகிறது என்று 2005இல் அந்தக் குழு காட்டியது. ஆய்வுக்கூடத்தில் பயிர்ப்பெருக்க வல்லுநர் கணக்குப் போட்டுச் செய்வதைக் களைக்கொத்து பிடித்த கை, பருமனை மட்டும் அளவுகோலாகக் கொண்டு செய்துமுடிக்கிறது.

களையெடுப்போடு தேர்வு முடிவதில்லை. அறுவடையில் நாற்றுச் செடியின் கிழங்கைத் தோண்டி, தோலின் நிறம், சதையின் நிறம், தோல் உரியும் எளிமை, மாவுச்சத்து, கசப்பு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். உதவாதது அங்கேயே விடப்படும். நல்லது என்று பட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வகையைப் போல் இலையும் தண்டும் கிழங்கும் இருந்தால், அதன் குச்சிகளை அந்த வகையின் கட்டோடு சேர்த்துவிடுவார்கள். எதைப் போலவும் இல்லையென்றால் அது புதிய வகையாகத் தனியே நிற்கும். முதல் வழியின் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரே பெயரில் ஒரே வகையாக விவசாயி நடுவது உண்மையில் ஒரு குளோன், அதாவது ஒரே தாய்ச்செடியின் நகல், அன்று. தோற்றத்தால் ஒத்த, பிறப்பால் வேறுபட்ட பல குளோன்களின் கூட்டம். மக்குஷி நிலங்களில் மூலக்கூறுக் குறியீடுகளை, அதாவது டிஎன்ஏவில் உள்ள அடையாளங்களை, கொண்டு பார்த்தபோது தெரிந்தது இதுவே. ஒரு வகை நூறாண்டுகளாக அதே பெயரோடு நிலைத்திருப்பதும், அதன் உள்ளே மரபணுக்கள் மெல்லப் புதுப்பிக்கப்படுவதும் ஒருங்கே நடக்கின்றன. தொடக்கக் கேள்வியில் இருந்த ‘ஒரு வகை என்றால் ஒரே நகல்’ என்ற எண்ணம் ஆராய்ச்சி நிலைய இரகங்களுக்குப் பொருந்தும், இந்த வகைகளுக்குப் பொருந்தாது.

இது ஓரிரு ஊர்களின் தனிப்பழக்கமோ என்ற ஐயம் எழலாம். 2025இல் லோகன் கிஸ்ட்லரும் உடனாய்வாளர்களும், உலர்தாவரத் தொகுப்புகளில் இருந்த பழைய மாதிரிகள் உட்பட 573 மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து, அமெரிக்கக் கண்டங்களின் மரவள்ளிகள் மிக நெருங்கிய உறவு வலையால் பின்னப்பட்டிருப்பதையும், குளோன்கள் நெடுங்காலம் நீடித்தும் பல்வகைமை குன்றாமல் இருப்பதையும் வெளியிட்டார்கள். நாற்றுகளைச் சேர்த்துக்கொள்வது பரந்த நிலப்பரப்பில் தொடர்ந்து நடந்தாலொழிய இப்படி ஓர் அமைப்பு உருவாகாது. பசிபிக்கின் வனுவாட்டுத் தீவுகளுக்கு மரவள்ளி 19ஆம் நூற்றாண்டில்தான் போய்ச் சேர்ந்தது. அங்கும் தீவு மக்கள் தானாக முளைத்த நாற்றுகளைச் சோதித்து வகைகளைப் பெருக்கியிருப்பது மரபணு ஆய்வில் தெரிந்திருக்கிறது. கானாவிலும் விவசாயிகளின் நாட்டு வகைகளுள் பல, நிலத்தில் தானே முளைத்த நாற்றுகளிலிருந்து எடுக்கப்பட்டவையே. மரவள்ளியை முன்னோர் வழியாகப் பெறாமல் பின்னாளில் அறிந்த மக்களும் இந்தப் பழக்கத்தைத் தாமாகவே கண்டடைந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

எதற்காக ஒரு குடும்பம் இத்தனை வகைகளை வைத்துக்கொள்ள வேண்டும்? வடமேற்கு அமேசானில் உவாப்பெஸ் ஆற்றுப் பகுதியின் துக்கானோ பெண்களிடம் 137 வகைகளை ஜேனட் செர்னெலா பதிவு செய்தார். ரொட்டிக்கு ஒன்று, வறுத்த மாவுக்கு ஒன்று, புளித்த பானத்துக்கு ஒன்று, சீக்கிரம் தோண்டுவதற்கு ஒன்று, மண்ணுக்குள்ளேயே நெடுநாள் விட்டுவைப்பதற்கு ஒன்று என்று பயன்கள் பிரிகின்றன. பிரேசிலின் பாரா மாநிலத்தில் ‘மண்டியோகாபா’ என்ற வகையின் கிழங்கில் மாவுக்குப் பதிலாக இனிப்புச் சாறே மிகுதி. அதைப் பிழிந்து காய்ச்சிக் கூழாக்குவார்கள். பயன்பாட்டுக் காரணம் ஒன்றும் இல்லாமல், வேறுபட்டதாக இருப்பதாலேயே ஒன்றை வைத்துக்கொள்வதும் உண்டு. பெருவின் அகுவருனா மக்களிடையே ஆய்வு செய்த ஜேம்ஸ் பாஸ்டர், கண்ணால் எளிதில் பிரித்தறியக்கூடிய வகைகளே நிலைக்கின்றன என்று 1985இல் எழுதினார். கிழங்கு மண்ணுக்குள் மறைந்திருக்கும் பயிரில், இலையின் பிளவையும் காம்பின் நிறத்தையும் தண்டின் கணுவையும் பார்த்து அடையாளம் சொல்ல முடிந்தால்தான் ஒரு வகையை மற்றொன்றோடு கலந்துவிடாமல் காக்க முடியும்.

அடையாளம் தவறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதில் அக்கறை இன்னும் கூடுதல். மரவள்ளியில் லினாமரின் என்ற பொருள் உண்டு. திசு சிதையும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். இனிப்பு வகைகளில் அது குறைவு, வேகவைத்தே உண்ணலாம். கசப்பு வகைகளைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, உலர்த்திய பின்னரே உண்ண முடியும். உண்ணும் மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர விதி. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் வறட்சியின்போது கசப்புக் கிழங்கைப் போதிய அளவு பதப்படுத்தாமல் உண்ண நேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கோன்சோ என்ற கால் முடக்க நோய்க்கு ஆளானார்கள். இவ்வளவு இடர் இருந்தும் கசப்பு வகையை ஏன் கைவிடவில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்பார். மலாவியில் இதை ஆராய்ந்த லிண்லி சிவோனா-கார்ல்டனிடம் விவசாயப் பெண்கள் தெளிவாகவே காரணம் சொன்னார்கள்: கசப்புக் கிழங்கைத் திருடர் தோண்டமாட்டார், விலங்குகளும் அண்டாது, வீட்டுக்கு வேண்டிய மாவு பத்திரமாக மண்ணுக்குள் இருக்கும். அங்கே விவசாயிகள் கசப்பு, இனிப்பு என்று பிரித்தது மூலக்கூறுக் குறியீடுகளின் பிரிவோடு நன்கு ஒத்துப்போயிற்று. ஆப்பிரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், தென் அமெரிக்காவில் உள்ள அளவுக்குக் கசப்பு வகைகளும் இனிப்பு வகைகளும் மரபணுவில் விலகி நிற்பதில்லை. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பிறகு, இரண்டும் ஒரே நிலத்தில் கலந்து புதிய சந்ததி உண்டானதே இதற்குக் காரணம்.

வகைகள் எப்படிப் பயணிக்கின்றன என்பதற்குக் காபோன் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்க் டெலெத்ரும் மெக்கீயும் ஹாட்கின்சனும் 2011இல் வெளியிட்டது. தாய்வழிச் சமூகங்கள் வாழும் தென்பகுதியில் வகைகள் மிகுதியாகவும், தந்தைவழிச் சமூகங்கள் வாழும் வடபகுதியில் குறைவாகவும் இருந்தன. மரவள்ளியின் மரபணு எல்லைகள் மொழி, இன எல்லைகளோடு பொருந்தின. யார் யாரை மணக்கலாம் என்ற விதி எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே உறவு உண்டாகும் என்பதைத் தீர்மானிக்கிறது, குச்சிக்கட்டும் அதே வழியில் போகிறது. மண்ணையும் மழையையும் மட்டும் அளந்து பல்வகைமையை விளக்க முயல்வோர் இந்த ஆய்வைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பெயர்களை நம்பி வகைகளை எண்ணுவதிலும் எச்சரிக்கை வேண்டும். தான்சானியாவில் ‘நமிகோங்கா’ என்றும் கென்யாவில் ‘கலேசோ’ என்றும் வழங்கும் வகை மரபணுவில் ஒன்றே. அதன் வரலாறும் சுவையானது. தான்சானியாவின் அமானி நிலையத்தில் 1930களில் ஸ்டோரி என்ற ஆய்வாளர், பால் வடிந்து இரப்பர் தரும் காட்டு மரவள்ளி இனத்தோடு சாகுபடி மரவள்ளியைக் கலந்து, தேமல் நோயையும் மற்றொரு வைரஸ் நோயான பழுப்புக் கீற்று நோயையும் தாங்கும் செடிகளை உருவாக்கத் தொடங்கினார். அந்தத் திட்டம் 1957இல் முடிவுக்கு வந்தது. ஆனால் அங்கு 46106/27 என்று எண்ணிடப்பட்டிருந்த செடி விவசாயிகளின் கைக்குப் போய், ஊர்ப்பெயர் பெற்று, நாட்டு வகையாகவே வாழ்ந்து, பழுப்புக் கீற்று நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் மீண்டும் தீவிரமானபோது ஆய்வாளர்களுக்கு எதிர்ப்புத்திறனின் முதன்மை ஊற்றாகத் திரும்பக் கிடைத்தது. நாட்டு வகை, ஆராய்ச்சி இரகம் என்ற பிரிவினை நிலத்தில் அவ்வளவு கறாராக இல்லை. விவசாயி இரண்டையும் அடுத்தடுத்து நடுகிறார், அவை கலக்கின்றன, நாற்று முளைக்கிறது.

ஆகவே புதிய இரகம் வந்தாலே பழையவை அழியும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே வகை பரப்பெல்லாம் நிறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டா சாட்சி. அந்நாட்டின் கிழக்கே தேசோ பகுதியில் ‘எப்வனதெரகா’ என்ற வகை விளைச்சலாலும் சுவையாலும் மற்றெல்லாவற்றையும் ஓரங்கட்டியிருந்தது. அது ஆராய்ச்சி இரகமன்று, விவசாயிகள் தாமே விரும்பிப் பெருக்கியது. 1980களின் இறுதியில் இரண்டு தேமல் வைரஸ்கள் தமக்குள் மரபணுப் பகுதிகளைப் பரிமாறிக்கொண்டதால் உருவான கொடிய வடிவம் ஒன்று, வெள்ளை ஈக்களின் வழியாக நாடு முழுவதும் பரவத் தொடங்கியபோது எப்வனதெரகா தாக்குப்பிடிக்கவில்லை. 1990களின் முற்பாதியில் நிலங்கள் கைவிடப்பட்டன, உணவுப் பஞ்சம் வந்தது, பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன.

அதே நோய்க்கு மருந்து கிடைத்ததும் சிறு விவசாயிகளின் நிலத்திலிருந்துதான். இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளிடமிருந்து திரட்டிய வகைகளில் சில, தேமல் நோய் கடுமையாக இருந்த இடத்திலும் நலமாக நின்றன. டிஎம்இ 3 என்று எண்ணிடப்பட்ட வகை அவற்றுள் பெயர்பெற்றது. ஒரே மரபணுவால் வரும் அந்த எதிர்ப்புத்திறனுக்கு சிஎம்டி2 என்று 2002இல் பெயரிட்டார்கள். அது எந்த மரபணு என்பது இருபது ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் தெரிந்தது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி ஒன்றின் பகுதியை உருவாக்கும் மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றம் அது; வெவ்வேறு வகைகளில் அதே மரபணுவின் வெவ்வேறு இடங்களில் அந்த மாற்றம் இருந்தது. இயற்கையில் ஒரே தீர்வு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்கிறது. தோன்றிய ஒவ்வொரு முறையும், நோயுற்ற செடிகளுக்கு நடுவே நலமாக நின்ற செடியைக் கண்டு குச்சி வெட்டிய ஒரு விவசாயி இருந்திருக்க வேண்டும். இன்னொன்றும் தெரியவந்தது. இந்த வகைகளின் உடல் உயிரணுக்களிலிருந்து கருவுருக்களை உருவாக்கி முழுச்செடியாக வளர்த்தபோது எதிர்ப்புத்திறன் பல செடிகளில் காணாமற்போயிற்று. ஒரே குளோனின் உடலுக்குள்ளேயே எல்லா உயிரணுக்களும் ஒன்றுபோல் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

தமிழ்நாட்டின் நிலை வேறு வகையானது என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் கிழங்கின் பெரும்பகுதி சேகோ ஆலைக்கும் ஸ்டார்ச் ஆலைக்கும் போகிறது. மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்தே விலை வைக்கிறார்கள். ஒரே அளவுகோலால் விலை வைக்கும் சந்தை ஒன்றிரண்டு வகைகளையே கேட்கும். முள்ளுவாடி, குங்குமரோஸ் போன்றவற்றோடு, திருவனந்தபுரத்தின் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-165, எச்-226 ஆகியவை பரவின. எச்-226 தேமல் நோய்க்கு எளிதில் இரையாகிறது. நோயுற்ற குச்சியையே மீண்டும் மீண்டும் நடுவதால் விளைச்சல் சரிகிறது. எதிர்ப்புத்திறனுக்காக நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு வகையை ‘ஸ்ரீ பத்மநாபா’ என்ற பெயரில் இங்கே வெளியிட வேண்டியிருந்தது. நம் பகுதிக்கும் இலங்கைக்கும் உரிய இலங்கைத் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவியது. அந்நாடுகளில் கசேத்சார்ட் 50 போன்ற மிகச் சில குளோன்கள் இலட்சக்கணக்கான எக்டேரை நிறைத்திருப்பதால், உகாண்டாவின் அனுபவம் அங்கே பேசப்படுவதில் வியப்பில்லை.

இனி மரபணு வங்கி. கொலம்பியாவின் பால்மிராவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம் ஏறத்தாழ 6,000 மரவள்ளி வகைகளைச் சோதனைக்குழாய்களில் தண்டுநுனித் திசுவாகப் பாதுகாக்கிறது. இதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வெள்ளை ஈயை எதிர்க்கும் திறன் எக்வடோரிலிருந்து திரட்டிய எம்ஈகு 72 என்ற வகையில் கண்டெடுக்கப்பட்டது. மஞ்சள் கிழங்குள்ள அமெரிக்க வகைகளின் மரபிலிருந்து வைட்டமின் ஏ ஆகும் நிறமி மிகுந்த இரகங்கள் உருவாகி 2011இல் நைஜீரியாவில் வெளியாயின. போராலோ நோயாலோ ஓர் ஊர் தன் வகைகளை இழந்தால் திரும்பத் தருவதற்கு ஓரிடம் வேண்டும். ஆனால் குழாய்க்குள் இருக்கும் குளோன் பூப்பதில்லை, கலப்பதில்லை. சேர்த்த அன்று இருந்த வைரஸுக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்த நிலையிலேயே அது நிற்கும். ஒரே பெயருள்ள பல குளோன்களின் கூட்டத்திலிருந்து சேகரிப்பாளர் ஒரேயொரு செடியை எடுத்துச் சென்றால், கூட்டத்தின் மற்றவை வங்கிக்குப் போய்ச் சேர்வதே இல்லை. வங்கி வேண்டும், அது மட்டும் போதாது என்பதே என் துணிபு.

நிலத்தில் இந்தச் செயல் தொடர்வதற்கு உண்மையான இடையூறுகள் எவை என்று கேட்டால், புதிய இரகங்களை நான் முதலில் சொல்லமாட்டேன். தரிசுக்காலம் சுருங்குவதால் மண்ணுக்குள் விதை உறங்கிக் கிடக்கும் இடம் குறைகிறது. உழவு இயந்திரமும் களைக்கொல்லியும் நாற்றையும் களையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. முன்பு களைக்கொத்து பிடித்தவர் எந்தக் கணத்தில் கையை நிறுத்தினாரோ அந்தக் கணமே இல்லாமற்போகிறது. நாற்றை அடையாளம் காணும் அறிவு பெரும்பாலும் பெண்களிடம் இருப்பது, தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் நிலத்தில் வேலை செய்யும்போதே கைமாறுவது. இளையவர் வேலைக்காக நகரம் சென்றால் அந்தக் கைமாற்றம் நின்றுவிடுகிறது. பிரேசில் அரசு 2010இல் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதிப் பழங்குடியினரின் வேளாண் முறையையே நாட்டின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. கிழங்கையோ வகைகளின் பட்டியலையோ மட்டும் பதியாமல், பரிமாற்றம், உணவு, கருவிகள், நிலம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பதிந்தது சரியான அணுகுமுறை.

நடைமுறையில் செய்யக்கூடியவற்றுள் இரண்டை வலியுறுத்துவேன். முதலாவது, வைரஸ் நீக்கிய விதைக்குச்சிகளை வழங்கும் திட்டங்கள் ஒரே இரகத்தை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பாமல், அந்தந்த வட்டாரத்தின் வகைகள் சிலவற்றையும் நோய் நீக்கித் திருப்பித் தர வேண்டும். அவை புதிய இரகத்தின் அருகே பூத்தால் எதிர்ப்புத்திறன் உள்ளூர் வகைகளின் சந்ததிக்குள் தானே நுழையும். இரண்டாவது, கணக்கெடுக்கச் செல்பவர் வகையின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், நாற்று முளைத்தால் என்ன செய்வீர்கள், கடைசியாக எப்போது ஒன்றை விட்டுவைத்தீர்கள், அதன் குச்சியை எந்தக் கட்டோடு சேர்த்தீர்கள் என்று நிலத்தில் களையெடுப்பவரிடமே கேட்க வேண்டும். ஒரு பெயரின் கீழ் ஒரு செடிக்குப் பதிலாக, வெவ்வேறு வீடுகளிலிருந்து பல செடிகளின் இலையைச் சேகரிக்க வேண்டும்.